மெழுகு வைத்த கோலிகள்

சனிக்கிழமைகளில் என் சொந்த ஊரான ஊரிகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பாடம் என்று சொல்வது சரியில்லை. பாடத்திட்டமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. கால அட்டவணையில் 'படைப்பாற்றல்' என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் 'ஐடியா கிளாஸ்' என்கிறார்கள். மற்ற ஐந்து நாட்களும் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு கருவி காட்டும் எண் உண்மைதானா, எவ்வளவு பிசகுகிறது, ஏன் பிசகுகிறது என்று பார்த்துச் சரிசெய்து, சீட்டு ஒட்டி அனுப்புவேன். நான் படித்ததும் அதைத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

முதல் வகுப்பில் கரும்பலகையில் நான்கு விதிகள் எழுதினேன்.

ஒன்று: வீட்டிலோ வழியிலோ பள்ளியிலோ உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்.
இரண்டு: அதற்கு ஏதாவது செய்யுங்கள். கடையில் வாங்கக் கூடாது, கிடைத்ததை வைத்துச் செய்ய வேண்டும்.
மூன்று: செய்தது வேலை செய்யாவிட்டால் பரவாயில்லை.
நான்கு: ஒருவர் செய்ததை இன்னொருவர் கேட்காமல் தொடக் கூடாது.

"கேக்காம தொட்டா இன்னா பண்ணுவீங்க மிஸ்?" என்று பின்னால் இருந்து ஒரு குரல்.

"செஞ்சவங்க கிட்ட எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும்."

"அவ்ளோதானா?" என்று சிரித்தார்கள். ஒரு அடியாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

அடுத்த வாரமே தொந்தரவுகள் வந்து குவிந்தன. ஒருத்தியின் அப்பா வேலை முடிந்து திரும்பும்போது ரயிலில் தூங்கிவிடுகிறார். பங்காருபேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டியவர். "ரெண்டு வாட்டி ஜோலார்பேட்டை போய்ட்டு வந்துகீறாரு மிஸ். எங்கம்மா நம்பவே மாட்டேங்குது." அவருக்காகப் பழைய அலாரக் கடிகாரத்தை ஒரு பெல்ட்டில் கட்டி, காதோரம் தொங்கும்படி அவள் செய்திருந்தாள். இன்னொருவன் சாம்பாரிலிருந்து முருங்கைக்காயை மட்டும் தூக்கும் இடுக்கி செய்தான். அது கத்தரிக்காயையும் தூக்கியது.

கடைசியாகத் தாளைக் கொடுத்தவள் பின்சுவரோரம் உட்காரும் பெண். தாளில் ஒரே ஒரு வரி: 'இந்த ரூம்.'

"ரூம் என்ன பண்ணுது?" என்றேன்.

"நவுருது மிஸ்."

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "நீ எழுந்து நடந்தா எந்த ரூமும்தான்டி நவுரும்!"

அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. தன் பெஞ்சுக்குப் பின்னால் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை ஏறும் விரிசலைக் காட்டினாள். "ஸ்கூல் தொறந்தப்போ பென்சில் முனைதான் போச்சி. இப்போ பென்சிலே போவுது. பாருங்க." பென்சிலைச் செருகிக் காட்டினாள். அது அங்கேயே நின்றது.

வெளியூர்க்காரர்கள் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நிலம் அதிர்வது செய்தியே இல்லை. காலடியில் தங்கத்துக்காக மைல் கணக்கில் தோண்டிவிட்டுப் போய்விட்டார்கள். சுரங்கம் மூடிய பிறகு அந்த வெற்றிடங்களில் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார்கள். ஆழத்தில் எங்கோ பாறை உடைந்து இடம் மாறும்போது மேலே வீடுகளில் பாத்திரம் பேசும். அதைப் 'பர்ஸ்ட்' என்போம். சுரங்கம் நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சொல் நிற்கவில்லை.

பர்ஸ்ட் வந்தால் எங்கள் ஜனங்கள் ஓட மாட்டார்கள். நின்ற இடத்தில் நிற்பார்கள். என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, அடுக்கிவைத்த டம்ளர்களின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். ஷிப்ட்டுக்கு இறங்கிய ஆண்கள் கீழே இருந்த காலத்தில் வந்த பழக்கம் இது. ஆபத்து மேலே இல்லை, கீழே. அதனால் மேலே இருப்பவர்கள் சத்தம் போடாமல் நின்று, சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று கேட்பார்கள். இப்போது கீழே யாருமில்லை, சங்கும் இல்லை. நிற்பது மட்டும் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

அந்தப் பெண் செய்த கருவியும் டம்ளர் அடுக்கிலிருந்து வந்ததுதான். எண்ணெய் டின்னின் மூடியில் மூன்று தூண்கள்: ஒன்று பேனா ரீஃபில், ஒன்று பென்சில், ஒன்று விளக்குமாற்றுக் கட்டையின் துண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சோடா மூடி, மூடியின் மேல் ஒரு கோலி. கீழே அலுமினியத் தட்டு. லேசாக அதிர்ந்தால் ரீஃபில் கோலி மட்டும் விழும். கொஞ்சம் பலமாக இருந்தால் பென்சில் கோலியும் விழும். கட்டைக் கோலி விழ வேண்டுமென்றால் பெரிதாக ஏதாவது நடக்க வேண்டும். நான் சொல்லிக்கொடுத்தது எதுவும் அதில் இல்லை. மூன்று விதமான உணர்திறன் வேண்டும் என்பதை அவளாகவே யோசித்திருந்தாள். எங்கள் தொழிற்சாலையில் இதே யோசனைக்கு ஒரு கூட்டம் போட்டு, இரண்டு நாள் பேசுவோம்.

கருவியைப் பின்சுவரில் இருந்த கல் அலமாரித் தட்டில் வைத்தோம். முதல் நாளே ஏழு முறை விழுந்தது. வகுப்பில் ஒரே கூத்து. மணி அடித்தால் விழுந்தது. மாரிகுப்பம் போகும் வண்டிக்கு விழுந்தது. தலைமையாசிரியை வேகமாக நடந்து வந்தபோது விழுந்தது. அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பில், அன்று முழு வகுப்பும் நிற்க வேண்டியதாயிற்று.

"விழறதை எழுதி வைங்க," என்றேன். பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. அவள் நோட்டில் கட்டம் போட்டாள். வண்டி, லாரி, மணி, ஆள் நடை. கடைசிக் கட்டத்துக்கு 'சும்மா' என்று தலைப்பு வைத்திருந்தாள்.

"'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதலாமே?"

"அது நீளமா கீது மிஸ். கட்டத்துல அடங்காது."

ஆறு வாரம் எழுதினார்கள். வண்டி, லாரி, மணி, நடை எல்லாம் வாரத்துக்கு வாரம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தன. சும்மா மட்டும் வேறாக இருந்தது. முதல் வாரம் ஒன்று. இரண்டாம் வாரம் ஒன்று. பிறகு இரண்டு, மூன்று, மூன்று, ஐந்து. ரயிலில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். என் வேலையில் இப்படி ஒரு வரிசை வந்தால் அந்த இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

தலைமையாசிரியையிடம் நோட்டைக் கொண்டுபோனேன். கெட்டவர் இல்லை. பதினோரு வகுப்பை ஒன்பது அறைகளில் உட்கார வைத்துக்கொண்டிருப்பவர்.

"கோலி விழுந்ததுன்னு நான் மேலிடத்துக்கு எழுதட்டுமா? சிரிப்பாங்கம்மா."

"விரிசலையாவது எழுதலாமே மேடம்."

"விரிசல் இல்லாத ரூம் எனக்கு ஒண்ணு காட்டுங்க." நோட்டைத் திருப்பித் தந்தார். பிறகு ஏதோ தோன்றியவராக, "பங்காருபேட்டையில எக்ஸிபிஷன் இருக்கு. இதுக்கு ஒரு பரிசு வாங்கிட்டு வாங்க. பரிசு வாங்கின மிஷின் சொல்லுதுன்னா எழுதறேன். அப்போ கேப்பாங்க," என்றார்.

ஆக, அந்த முப்பத்திரண்டு பிள்ளைகள் அந்த அறையை விட்டு வெளியே வர ஒரு பரிசு தேவைப்பட்டது.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மரப்பலகை மேஜைகள், சுற்றிலும் ஓடும் பிள்ளைகள். கோலிகள் நிற்கவே இல்லை. எடுத்து வைத்தால் விழுந்தன. நடுவராக வந்தவர் இரண்டு நிமிடம் பார்த்தார். "எல்லாத்துக்கும் விழுதே இது? சும்மா சும்மா கத்தற அலாரத்தை யாரு நம்புவாங்க? ஒரு சுத்து வந்துட்டு மறுபடி பாக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பெண்ணின் அம்மா அன்று தையல் ஃபேக்டரிக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். "மூஞ்சி வாடிப்போச்சி பாரு. வா, தண்ணி குடிச்சிட்டு வரலாம்," என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த இடைவெளியில் நான் செய்தவை:

பக்கத்து மேஜையில் நீராவிப் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு மெழுகுவர்த்தித் துண்டு வாங்கினேன்.
மூன்று சோடா மூடிகளிலும் ஒவ்வொரு சொட்டு மெழுகு விட்டுக் கோலிகளை அதன்மேல் உட்கார வைத்தேன்.
எதிர் மேஜையில் கிடந்த சைக்கிள் ட்யூபிலிருந்து நான்கு துண்டு நறுக்கி, டின் மூடியின் அடியில் வைத்தேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என் கைக்குப் பழகிய வேலை. ஒரு கருவி அதிகமாகக் கத்தினால் அதை அடக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் கோலிகளையே பார்த்தாள். "ஏன் மிஸ் ஒண்ணும் வுழல?"

"இந்தப் பக்கம் தரை நல்ல தரை போல."

"நல்ல தரையா?" என்று ஒரு குதி குதித்தாள். எதுவும் விழவில்லை. அவள் குனிந்து டின் மூடியின் விளிம்பில் கை வைக்கும்போது நடுவர் வந்துவிட்டார். அவர் முஷ்டியால் மேஜையை ஓங்கிக் குத்தினார். ரீஃபில் கோலி மட்டும் விழுந்தது. "ஆங், இதுதான் கருவி," என்றார். இரண்டாம் பரிசு.

அவள் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "வூட்ல எப்பப் பார்த்தாலும் எதையாச்சும் நோண்டிகினே கீறாளேன்னு திட்டுவேன் மிஸ். இனிமே திட்ட மாட்டேன்." என் விரல் நுனியில் மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பள்ளியில் பாராட்டு. தலைமையாசிரியை கருவிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி போட்டு, பரிசு ரிப்பனை ஒட்டி, பெட்டியின் மூடியைச் சுற்றி டேப் சுற்றி, பழைய அலமாரித் தட்டிலேயே வைக்கச் செய்தார். பக்கத்தில் ஒரு தாள்: 'தொடாதீர்கள். கோலி விழுந்தால் வெளியே வரவும்.'

மேலிடத்துக்கு எழுதுவது என்ன ஆயிற்று என்று போனில் கேட்டேன்.

"எழுதறேன். ரெண்டு வாரம் ரெஜிஸ்டர் பாத்துட்டு எழுதறேன். இப்பதான் மிஷினே இருக்கே, அது சொல்லட்டும்."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரயிலில் என் சிறு நோட்டில் எழுதினேன். 1. ரப்பரை எடுக்க. 2. மெழுகைச் சுரண்ட. 3. அவளிடம் சொல்ல. அந்தச் சனிக்கிழமை தொழிற்சாலையில் தணிக்கை, போக முடியவில்லை. அடுத்த வாரத்துப் பக்கத்தில் அதே மூன்று வரிகளையும் மறுபடி எழுதினேன். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை போனேன். தலைமையாசிரியை ரெஜிஸ்டரை எடுத்து நீட்டினார். பன்னிரண்டு நாள், எல்லாக் கட்டமும் காலி. "பாத்தீங்களா? நின்னுபோச்சு. அனாவசியமா எழுதியிருப்பேன்." காபி வரவழைத்தார். நான் குடித்தேன்.

வகுப்பில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் பொருத்திய பக்கத்தை விரிசலுக்குள் விட்டாள். அதுவும் போயிற்று.

"மிஸ், இது ரப்பரோட போவுது. ஆனா கோலி வுழல. வண்டிக்குக்கூட வுழல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மிஷின் தப்பா, நான் தப்பா?"

"பாக்கலாம்," என்றேன்.

இடைவேளையில் எல்லாரும் வெளியே போன பிறகு பெட்டியைத் திறந்து சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் கண்ணெதிரே செய்ய எனக்குத் தைரியமில்லை. இடைவேளைக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. குழுக்களாக உட்காரச் சொல்லி ஒரு வேலை கொடுத்தேன்.

முதலில் ஜன்னல் கொக்கிகள் பேசின. பிறகு பெஞ்சின் கால்கள். பிறகு என் உள்ளங்கால் வழியாக ஏதோ மேலே ஏறி முழங்காலில் நின்றது. இரண்டு மூன்று விநாடி இருக்கலாம். கரும்பலகையின் விளிம்பிலிருந்து சாக்பீஸ் தூள் ஒரு கோடாகக் கொட்டியது.

முப்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள். எல்லாருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது, கண்ணாடிப் பெட்டிக்கு. மூன்று கோலிகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"வுழல," என்று யாரோ சொன்னார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஒவ்வொருவராக உட்கார ஆரம்பித்தார்கள்.

"வெளிய போங்க," என்றேன்.

"வுழலயே மிஸ்."

"பரவாயில்ல, போங்க!"

"சின்ன பர்ஸ்ட்தான் மிஸ். பெருசா இருந்தா மிஷின் சொல்லியிருக்கும்ல?" ரயிலில் தூங்கும் அப்பாவின் மகள் எனக்குத் தைரியம் சொல்வதுபோலச் சிரித்தாள்.

பின்சுவரில் மணல் உதிரும் சத்தம். மெல்லிய சத்தம், அரிசி புடைப்பதுபோல. அதன் அடியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அது விழாது!" என்று கத்தினேன். "நான் மெழுகு வெச்சிட்டேன். அடியில ரப்பர் வெச்சிருக்கேன். பரிசுக்காக நான்தான் வெச்சேன், அவளைக் கேக்காம. அது எதுக்கும் விழாது. வெளிய போங்க!"

ஒரு கணம் யாரும் நகரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்தவள் அவள்தான். "வாங்கடி," என்றாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். நான் சொன்னதற்காக அல்ல.

மைதானத்தில் நின்றோம். எதுவும் நடக்கவில்லை. அறை அப்படியே நின்றது. தலைமையாசிரியை வந்தார். "என்ன இது, படிக்கிற நேரத்துல? மிஷின் விழுந்துதா?"

மறுபடியும் நானே சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது கொஞ்சமும் சுலபமாக இல்லை. அவர் முகம் சிவந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அவள் என்னிடம் வந்தாள். "போய் அத்த எடுத்துனு வாங்க மிஸ்." அறைக்குள் அவளே போகப் பார்க்கவில்லை. என்னைத்தான் அனுப்பினாள். அது நியாயம் என்றுதான் எனக்கும் பட்டது.

போய் எடுத்துவந்தேன். டேப்பைக் கிழித்தாள். காம்பஸ் முனையால் மூடிகளிலிருந்து மெழுகைச் சுரண்டினாள், அவசரப்படாமல், மூன்றாவதிலும் கடைசித் துணுக்கு வரை. நான்கு ரப்பர் துண்டுகளையும் உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். "அதே எடத்துல வெச்சிட்டு வந்துடுங்க. பொட்டி வாணாம்."

வைத்தேன். கோலிகளை நிறுத்தும்போது ரீஃபில் கோலி இரண்டு முறை விழுந்தது. மூன்றாம் முறை நின்றது. விரிசலின் வழியாக வெளிச்சம் தெரிந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஒரு நூல் அளவு. வெளியே வந்துவிட்டேன்.

"பத்து நிமிஷம் பாப்போம்," என்றார் தலைமையாசிரியை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி போயாச்சு. அடுத்தது மத்தியானம்தான்." திறந்த கதவுக்கு எதிரே, தள்ளி, எல்லாரும் நின்றோம். எங்கள் பழக்கப்படி சத்தம் போடாமல் நின்றோம்.

நான்காவது நிமிடத்தில் ரீஃபில் கோலி விழுந்தது. டங். சாலையில் லாரி இல்லை, யாரும் நடக்கவில்லை. சிறிது நேரத்தில் பென்சில் கோலி. அது உருண்டு ஓய்வதற்குள் கட்டைக் கோலியும் விழுந்தது. அது அதுவரை ஒரு நாளும் விழுந்ததில்லை.

தலைமையாசிரியை பியூனைக் கூப்பிட்டு அறைக்குப் பூட்டு கொண்டுவரச் சொன்னார். அன்று சாயங்காலமே மேலிடத்துக்கு எழுதினார். கடிதத்தில் கோலியைப் பற்றியும் எழுதினார், மெழுகைப் பற்றியும் எழுதினார். என் பெயரை எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன். சனிக்கிழமை வகுப்பை என்னிடமிருந்து எடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

இப்போது எட்டாம் வகுப்பு, சாப்பாட்டு வராந்தாவில் தட்டி கட்டி நடக்கிறது. மழை பெய்தால் நனைகிறார்கள். இரண்டு பேர் வந்து சுவரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பதில் இன்னும் வரவில்லை. அறை இன்னும் நிற்கிறது, பூட்டிய கதவோடு. வகுப்பின் விதி மாறியிருக்கிறது: அதிர்ந்தால் முதலில் வெளியே, காரணம் பிறகு. பிள்ளைகள் அதை ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு பழகுகிறார்கள். நிற்கும் பழக்கம் காலிலிருந்து இன்னும் முழுதாகப் போகவில்லை.

கருவியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது அங்கயே இருக்கட்டும்," என்றாள். பூட்டும் முன் பியூனிடம் சொல்லி, தட்டின் ஓரமாக ஒரு டப்பா நிறையக் கோலிகளும், ஒன்று விழுந்தால் அதன் இடத்துக்கு அடுத்தது உருண்டு வர ஒவ்வொரு தூணுக்கும் ஒரு சாய்வுக் குழாயும் வைத்திருந்தாள். யாரும் உள்ளே போகாமலே கருவி தன்னைத்தானே நிரப்பிக்கொள்கிறது. எப்போது செய்தாள் என்று தெரியவில்லை. என்னிடம் காட்டவில்லை. சத்தம் கேட்கும்போது யார் வராந்தாவில் இருக்கிறார்களோ அவர்கள் கதவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார்கள். கட்டம் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே வரிசை.

மூன்று வாரம் ஐடியா கிளாஸில் அவள் எதுவும் செய்யவில்லை. மற்றவர்களுக்கு உதவி செய்தாள். போன சனிக்கிழமை ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ கம்பியும் பலகையும் இருப்பதுபோல் புடைத்திருந்தது. நான் அவள் பக்கம் போனதும் பையின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தொடலாமா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். பூட்டிய அறைக்குள் தட்டில் ஒரு கோலி விழுந்தது. வராந்தாவில் பேச்சு நின்றது. ஒருத்தி எழுந்து போய் கோடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் இல்ல மிஸ்," என்றாள்.